ரொட்டித் தேதி

செத்துப்போன ஒருவரைப் புத்தகமாக்குவது எளிதான வேலை என்று அச்சகக்காரர் நினைத்திருந்தார். செத்தவர் அட்டையின் நிறம் பிடிக்கவில்லை என்று போன் செய்ய மாட்டார். பின்னட்டையில் தன் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லமாட்டார். உயிரோடிருக்கும் கவிஞர்கள் இரண்டையும் செய்வார்கள். பில் புத்தகமும் விளம்பர நோட்டீசும் அடித்து முடிந்து மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் கவிதை நூல் போடுகிறவர் அவர். கவிஞர்களிடம் நிறைய பட்டிருந்தார்.

செத்தவருக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

செத்தவர் ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசையும் மெஷினை ஓட்டியவர். வேலை பார்த்த காலம் முழுக்க இரவு ஷிப்ட். சிறு பத்திரிகைகளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் கவிதைகள் வந்திருந்தன. அவற்றைப் படித்தவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். அச்சகக்காரர் அவர்களில் ஒருவர். சாவுக்கு வந்தவர், துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது, "எழுதினது வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். மனைவி அலமாரியைக் கைகாட்டினாள். ஒளித்து வைத்ததெல்லாம் இல்லை. போர்வைகளுக்குப் பக்கத்தில், எல்லாரும் தினமும் கை வைக்கிற தட்டில் இருந்தது. யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வகையாக இருந்தது. நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் கவிதைகள். முன்பக்கம் அந்தந்த நாளின் தேதி பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. மற்றது கோடு போட்ட நீள நோட்டுகள். அதில் தினக்குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் மேலே கையால் எழுதிய தேதி. இரண்டையும் பார்த்ததும் அச்சகக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. இடது பக்கம் ஒரு நாளின் குறிப்பு, வலது பக்கம் அதே தேதியில் எழுதிய கவிதை. வாழ்க்கை ஒரு பக்கம், கவிதை மறு பக்கம். இரண்டுக்கும் ஒரே தேதி உள்ள நாட்களை மட்டும் பொறுக்கித் தட்டச்சு செய்யக் கொடுத்தார். மற்றதைக் கட்டி மேசைக்கடியில் வைத்துவிட்டார்.

வீட்டில் மூன்று பெண்கள். செத்தவரின் மனைவி, அந்த வீட்டில் அவளுக்கு அண்ணி என்றே பெயர். செத்தவரின் தங்கை குட்டி. ஐம்பது தாண்டி, முட்டி வலித்து, மூக்குக்கண்ணாடி போட்ட பிறகும் குட்டிதான். குட்டியின் மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் கண்ணாடி அவள் போட்டுக் கொடுத்ததுதான்.

குட்டியின் கணவரும் அதே கம்பெனியில் இருந்தவர். அடுப்புக்காரர். மைத்துனர் பிசைந்த மாவை இவர் சுடுவார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு இரவு, ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. குட்டி ஆறு வயது மகளோடு, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன் அண்ணி" என்று வந்தாள். அந்த மாசம் இன்னும் முடியவில்லை.

மெய்ப்புத் தாள்களை அச்சகக்காரர் கொண்டுவந்த அன்று மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூன்று நாளாகக் காயாத துணி முன் அறையில் குறுக்கே தொங்கியது. அவர் ஈரப் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"நனையாம கொண்டுவந்துட்டேன். நான்தான் நனைஞ்சுட்டேன்."

"உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும்" என்றாள் அண்ணி. அடுப்படியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. முட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. "எந்தப் பக்கத்துல நான் இருக்கேன்?"

"வீடு முழுக்க நீங்கதாம்மா இருக்கீங்க."

"வீட்டைக் கேக்கல. புத்தகத்துல."

அன்று மகளுக்கு வார விடுமுறை. அவள்தான் வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அண்ணி தோசைக்கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். குட்டி தரையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"'அவள் இன்று என்னோடு பேசவில்லை. வீடு பெரிதாகிவிட்டது.'"

"பாத்தியா, பாத்தியா" என்றாள் அண்ணி. "ஒரு நாள் பேசாம இருந்தா அதையும் எழுதி வச்சிருக்கார். ஏன் பேசலைன்னு எழுதினாரா? அதை எழுதமாட்டாரு."

"ஏன் பேசல அத்தை?"

"ஞாபகம் இல்ல. ஆனா தப்பு அவரு மேலதான்."

அச்சகக்காரர் சிரித்தார். குட்டியும் சிரித்தாள். தட்டில் முட்டை வந்தது, டீ வந்தது. அடுத்த பக்கம் குட்டி. 'குட்டி உறைகளுக்கு முத்திரை குத்துகிறாள். அவள் கையிலும் தேதி இருக்கிறது.' குட்டி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளும் அதே கம்பெனியின் பாக்கிங்கில் இருந்தவள். முதுகு வலி வந்துதான் நின்றாள்.

மூன்று பேருக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்த ஆள் என்ன நினைத்தார் என்பது தெரியாமல் இருந்தபோது யாருக்கும் தொந்தரவில்லை. தெரியும் என்று ஆனதும் அடுத்த தாளுக்குப் பொறுக்கவில்லை.

மகள் அடுத்த தாளை எடுத்தாள். தேதி பதினாறு. மாதமும் வருஷமும் சேர்த்து வாசித்தாள். பாதியிலேயே அவள் குரல் இறங்கியது. அது அவள் அப்பா செத்த தேதி. ஆனால் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

"'இன்று வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மழை பார்த்தேன். ஒரு மனிதனுக்கு இது போதும்.'"

"அருமையான குறிப்பு இது" என்றார் அச்சகக்காரர். அது என்ன தேதி என்று அவருக்குத் தெரியாது. "எதிர்ப்பக்கம் கவிதையும் படிங்க."

யாரும் படிக்கவில்லை. குட்டி மடித்துக்கொண்டிருந்த உறையை மடியில் வைத்தாள்.

"இன்னொரு தடவை படி."

"அம்மா..."

"படின்னா படி."

மகள் படித்தாள். குட்டி எழுந்து, காயாத துணிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனாள். போர்வைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இவ அப்பா சாகுறப்ப பக்கத்துலயே இருந்தேன்னு அண்ணன் சொன்னாரு. என் தலையில கை வச்சுச் சொன்னாரு. கடைசி வரைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேன் குட்டின்னு. பதினெட்டு வருஷமா அதை வச்சுத்தான் தூங்குறேன். இவர் இங்க உக்காந்து மழை பாத்திருக்காரு."

"குட்டி, இரு, என்ன ஏதுன்னு..."

"என்ன அண்ணி ஏது? அவரு கையெழுத்துதானே? சார், இந்தப் புத்தகம் வேண்டாம்."

அச்சகக்காரர் டீயைக் கீழே வைத்தார். தினக்குறிப்பில் பேர் வருகிற வீட்டு ஆட்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்று அவரேதான் முதல் நாள் சொல்லியிருந்தார். ஒரு மரியாதைக்குச் சொன்னது. இப்போது அது கழுத்தைப் பிடித்தது.

"குட்டியம்மா, அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடலாம்..."

"எடுத்துட்டா நான் கேக்காதது ஆயிடுமா?"

அவர் தாள்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மழையில் போனபோது சட்டைக்குள் பாதுகாக்க ஒன்றுமில்லை என்பதால் மெதுவாகவே நடந்தார்.

அடுத்த நாட்களில் அந்த வீட்டில் அண்ணியும் குட்டியும் மகள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். வீடு இரண்டே அறை. ஒருத்தி மூச்சு விட்டால் மற்றவளுக்குக் கேட்கும். இருந்தும் தபால் மகள் மூலம் போயிற்று.

"உங்க அத்தைகிட்ட சொல்லு, உப்பு தீந்துபோச்சுன்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, நேத்தே வாங்கி வச்சாச்சு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தேடச் சொல்லு."

"நான் போட்டுக் கொடுத்த கண்ணாடியைக் குறை சொல்லாதீங்க" என்றாள் மகள்.

அண்ணிக்கு உள்ளூரக் குழப்பம். புருஷன் ஒரு இரவு வேலைக்குப் போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது. காய்ச்சல் என்றதும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மனுஷன் அதையும் வாங்கிக் குடித்தார். ஆனால் அது அந்த இரவா, முந்தைய இரவா, வேறு வாரமா என்று தெரியவில்லை. சாவு விழுந்த நாளுக்கு முன்னும் பின்னும் இருந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவர் பொய் சொல்லமாட்டார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. காய்ச்சல் என்று பொய் சொன்னதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த வார விடுமுறையன்று மகள் தாள்களை மறுபடி எடுத்தாள். படிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். கை சும்மா இருக்கவில்லை. பதினாறாம் தேதியின் வலது பக்கக் கவிதையை அன்று யாருமே படிக்கவில்லை. சத்தமாகப் படித்தாள்.

"'புதுச் செருப்பு
கடித்த இடத்தில் நின்று
பழைய செருப்பை நினைத்தேன்.
அதுவும் கடித்ததுதான்;
பழகிய பல்.'"

அண்ணி துவைக்கிற கல்லருகில் இருந்தாள். சிரித்துவிட்டாள்.

"அந்தச் சனியனா! ஒரே ஒரு நாள் போட்டாரு. மத்தியானம் தூங்கி எழுந்து கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தாரு. வீடு வந்து சேர்றதுக்குள்ள குதிகால்ல தோல் உரிஞ்சுபோச்சு. உக்காந்து இதைத்தான் எழுதியிருக்காரு போல. நான் துணி கட்டி விட்டேன். நொண்டிக்கிட்டே அதே செருப்பைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனாரு. பழசைப் போட்டுட்டுப் போங்கன்னேன், கேட்டாத்தானே. காசு குடுத்து வாங்கினது கடிச்சாலும் போடணுமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அதைப் பாக்கவே இல்ல. எங்க போச்சோ."

உள்ளே உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்த குட்டியின் கை நின்றது. மகளிடம் சொல்லி அனுப்ப மறந்து நேராகவே பேசினாள்.

"வெறுங்காலோட வந்தாரு."

"யாரு?"

"அண்ணன். எனக்குச் சேதி சொல்ல. அந்த ராத்திரியில வந்து வாசல்ல நிக்கிறாரு, காலெல்லாம் மாவு. குதிகால்ல ஒரு துணி கட்டியிருந்துச்சு. அந்த நேரத்துல நான் அவர் மூஞ்சியைப் பாக்கல, காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ள போறப்ப வெளியிலயே செருப்பைக் கழட்டிரணும், அது கம்பெனி ரூல். ஓடி வந்தவரு செருப்பை மறந்துட்டாரு."

அண்ணி சோப்பு நுரையோடு உள்ளே வந்தாள்.

"அப்ப அவர் கம்பெனிக்குப் போயிருக்காரு."

"போயிருக்காரு."

"வீட்ல உக்காந்து மழை பாத்தவரு கால்ல மாவு எப்படி வரும்?"

"வராது."

"பின்ன எதுக்கு போகலைன்னு எழுதினாரு? பைத்தியமா அவருக்கு?"

மகள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதைச் சுட்டிக்காட்டினால் நிறுத்திவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

குட்டி சீவிய உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். சீவவில்லை. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். கத்தி கையில் இருந்தது, மகள் பதறி அதைப் பிடுங்கினாள்.

"அது ரொட்டித் தேதி அண்ணி!"

அண்ணிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு அவளும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளே போகிறவர்கள் சுடுவது மறுநாள் விற்கிற ரொட்டி. அதன் உறையில் மறுநாள் தேதிதான் குத்துவார்கள். ஆகவே அந்த ஷிப்டுக்கே மறுநாள் தேதி. வருகைப் பதிவும் அப்படி, சம்பளமும் அப்படி. பதினைந்தாம் தேதி சாயங்காலம் போகிறவன் பதினாறாம் தேதி வேலைக்குப் போகிறான். ஊருக்கு ஒரு தேதி, உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு தேதி. முப்பது வருஷம் அப்படி இருந்தவருக்கு வேறு தேதி வராது. ஷிப்டில் மாவு பொங்குவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் அவர் நோட்டு எழுதினார்.

"போகாத நாளுக்குக் கூடவா மாமா ரொட்டித் தேதி போட்டாரு?"

"போனா என்ன, போகலைன்னா என்ன, ஷிப்டு ஷிப்டுதானே" என்றாள் குட்டி. "அவர் மழை பாத்தது பதினஞ்சாம் தேதி ராத்திரி. உங்கப்பா போனது பதினாறு ராத்திரி. அதுக்கு பதினேழுன்னு போட்டிருப்பாரு." அவள் குரல் தேய்ந்தது. "பத்து வருஷம் அந்த முத்திரையை நான்தானேடி குத்தினேன். என் மண்டையில ஏறலையே."

"பதினேழு எங்க?" மகள் தாள்களைப் புரட்டினாள். பதினாறுக்குப் பிறகு இருபத்தொன்று வந்தது.

"நோட்டு அச்சகக்காரர்கிட்டதான் இருக்கு" என்றாள் அண்ணி.

உருளைக்கிழங்கு தண்ணீரிலேயே கிடந்தது. மூன்று பேரும் கிளம்பினார்கள்.

அச்சகம் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. முன்னால் மை வாசனை, பின்னால் ஈரச் சுவர் வாசனை. ஏதோ மருந்துக்கடைக்கு உறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பெண்கள் குடையோடு வரிசையாக நுழைந்ததைப் பார்த்ததும் அச்சகக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். கொடுத்த தாளைத் திருப்பி மூஞ்சியில் எறிய வருகிறார்கள் என்றே நினைத்தார்.

"சார், பதினேழாம் தேதி வேணும்" என்றாள் குட்டி.

"எந்தப் பதினேழு?"

அண்ணி விளக்கினாள். நடுவில் குட்டி விளக்கினாள். மகள் இரண்டு பேரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒழுங்காக விளக்கினாள். அச்சகக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப மொத்தப் புத்தகமும் ஒரு நாள் தள்ளிப் போகுதா?"

"குறிப்பு மட்டும். கவிதை வீட்ல எழுதினது. அது ஊர்த் தேதி."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க எப்ப கேட்டீங்க?"

அவர் கோபப்படுவார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவர் எழுந்து தாள்களை மேசையில் பரப்பி, இடது பக்கங்கள் ஒவ்வொன்றையும் ஓரிடம் நகர்த்தினார். ஒன்றைப் பார்த்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. வீடு பெரிதாகிவிட்டதுன்னு எழுதினாரே, அன்னைக்கு மத்தியானம் எழுதின கவிதை வெங்காயம் உரிக்கிறதைப் பத்தி."

அண்ணி குனிந்து பார்த்தாள். "ஆங்! ஞாபகம் வந்துடுச்சு. வெங்காயம் உரிக்கச் சொன்னேன். உரிக்காம உக்காந்து அதைப் பத்திக் கவிதை எழுதியிருக்காரு. அதுக்குத்தான் பேசல. தப்பு அவரு மேலதான்னு சொன்னேன்ல?"

குட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "பதினேழு" என்றாள் மறுபடி.

மேசைக்கடியிலிருந்த கட்டை அச்சகக்காரர் அவிழ்த்தார். சணல் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். அந்த வருஷத்து நோட்டை எடுத்துத் தேதியைத் தேடி, கண்ணை ஓட்டினார். ஓட்டியதும் முகம் மாறியது. நோட்டைக் குட்டியிடம் கொடுக்காமல் அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி மனசுக்குள் படித்தாள். மூடிவிட்டாள்.

"அண்ணி."

"இருந்திருக்காரு குட்டி. பக்கத்துலதான் இருந்திருக்காரு. அவர் சொன்னது நெசம்தான். வா, வீட்டுக்குப் போகலாம்."

"படிங்க."

"அதான் சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னது வேண்டாம். அவரு சொன்னது வேணும்."

அண்ணி அச்சகக்காரரைப் பார்த்தாள். அவர் மருந்துக்கடை உறையைப் பார்த்தார். அண்ணி நோட்டைத் திறந்தாள். எழுத்து நேராகத்தான் இருந்தது, நடுங்கவெல்லாம் இல்லை.

"'மாப்பிள்ளை அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தான். இளைப்பாறுகிறான் என்று நினைத்தேன். நான் மெஷினில் இருந்தேன். கருகல் வாசனை வந்த பிறகுதான் திரும்பினேன்.'" அண்ணி நோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "'முதலில் ட்ரேயை இழுத்தேன். நான்கு ட்ரே. நான்கையும் இழுத்துப் போட்டேன். பிறகுதான் அவனிடம் போனேன்.'"

அண்ணி நிறுத்தினாள். வெளியே சைக்கிள் மணி கேட்டது.

"இது வேண்டாம் சார். இதைப் போடாதீங்க" என்றாள் அண்ணி. அவள் குரலில் இப்போது வேறு அவசரம். "போன வாரம் இவ வேண்டாம்னா. இப்ப நான் சொல்றேன். மச்சினன் சாகக் கிடக்கிறான், இவர் ரொட்டியை எடுத்துக்கிட்டு இருந்தாருன்னு நாலு பேர் படிக்கணுமா? நல்ல மனுஷன் சார் அவரு. அந்த ஒரு வரிக்காக அவரை என்ன ஆளுன்னு நினைப்பாங்க?"

"அது... எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரியாதான் இருக்கு" என்றார் அச்சகக்காரர்.

குட்டி யோசித்தாள். அவள் அழுவாள் என்று மகள் அவள் கையைப் பிடித்திருந்தாள். குட்டியின் கை சாதாரணமாகத்தான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தாலும் ட்ரேயைத்தான் முதல்ல இழுத்திருப்பாரு" என்றாள். "அண்ணன் கீழ கிடந்திருந்தா."

"குட்டி!"

"நெசமாத்தான் அண்ணி. கருகல் வாசனை வந்தா கை அதுவா போயிடும். நான் பாக்கிங்ல இருந்தவ, எனக்கே போகும். கல்யாணத்துக்கு மறுநாள் இவரு தூக்கத்துல எழுந்து உக்காந்து ரெண்டு கையையும் நீட்டி எதையோ இழுக்கிறாரு. நான் பயந்து போயிட்டேன். கேட்டா ட்ரேயாம்." அவள் கொஞ்சம் சிரித்தாள், உடனே நிறுத்தினாள். "மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"படிங்க."

அண்ணி படித்தாள். இந்த முறை மெதுவாக.

"'கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அடுப்பின் சூடா, அவன் சூடா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. சரி என்றேன். அவன் மறுபடி சொல்லவில்லை.' அவ்வளவுதான்."

உறை அடிக்கும் மெஷின் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அச்சகக்காரர் உள்ளே எட்டிப்பார்த்து அதை நிறுத்தச் சொன்னார். அது நின்ற பிறகுதான் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது.

அண்ணிக்குப் புருஷன் மேல் கோபம் வந்தது. செத்தவர் மேல் வருகிற கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் நோட்டை மேசையில் பட்டென்று வைத்தாள்.

"ஒரு மனுஷன் கடைசியா ஏதோ சொல்றான். அந்த மெஷினை நிறுத்திட்டு என்னன்னு கேக்கக் கூடாதா? அதுக்குக் கூடவா தோணல?"

"மெஷின் பட்டன் அந்தப் பக்கச் சுவத்துல இருக்கு அண்ணி" என்றாள் குட்டி.

"அதுக்கு?"

"அடுப்புக்கு முன்னாடி உக்காந்தா எட்டாது. நிறுத்தணும்னா எழுந்து, மெஷினைச் சுத்திக்கிட்டு அந்தக் கோடிக்குப் போகணும். எங்க வீட்டுக்காரரு கையை விட்டுட்டுத்தான் போகணும்."

 குட்டி நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, அந்தக் கடைசி வரிகளை எழுத்துக்கூட்டுவது போல வாய்விட்டுப் படித்தாள். கையைப் பிடித்தேன் என்பதற்கும் மறுபடி சொல்லவில்லை என்பதற்கும் நடுவில் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். கையை விட்டேன் என்று எங்கும் எழுதவில்லை.

"எல்லாத்தையும் போடுங்க சார்" என்றாள். "ட்ரேயையும் போடுங்க. அதை எடுத்துட்டா இதையும் நம்பமாட்டாங்க. நானே நம்பமாட்டேன்."

அச்சகக்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கென்ன. அவளே சொல்றா" என்றாள். "ஆனா அந்த வெங்காயத்தைப் பெரிய எழுத்துல போடுங்க."

"ஒரு சங்கடம் இருக்கும்மா" என்றார் அவர். "இப்ப இந்தக் குறிப்புக்கு எதிர்ப்பக்கம் பதினாறாம் தேதிக் கவிதை வரும். செருப்புக் கவிதை. சாவுக்கு எதிர்ல செருப்பு கடிச்சதா? படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? வேணும்னா வேற நல்ல கவிதை ஒண்ணு..."

"அன்னைக்கு மத்தியானம் அவருக்குச் செருப்புதான் கடிச்சது" என்றாள் குட்டி. "சாயங்காலம் என்ன நடக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அச்சகக்காரர் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டார். தேதியை மாற்றவா, அப்படியே விடவா என்று கேட்டார். ரொட்டித் தேதியே இருக்கட்டும், முன்னால் ஒரு பத்தி எழுதி விளக்கிவிடுங்கள் என்று மூன்று பேருமே சொன்னார்கள். மகள் நின்றபடியே அந்தப் பத்தியை அவருக்குச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். 'ஏதோ சொன்னான்' என்ற இடத்தில் அடிக்குறிப்பு ஏதும் வேண்டுமா என்று கேட்டதற்குக் குட்டி, "பக்கத்துல இருந்தவருக்கே கேக்கல, நீங்க என்னத்தை எழுதுவீங்க" என்றாள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. சந்து முழுக்கத் தண்ணீர். ஓரமாகப் போட்டிருந்த செங்கல்களின் மேல் ஒருத்தர் பின் ஒருத்தராக நடந்தார்கள். முன்னால் போன அண்ணி திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"என்ன சொல்லியிருப்பாரு குட்டி?"

"யாருக்குத் தெரியும்."

"தண்ணி கேட்டிருப்பாரு. நெஞ்சு வலிச்சா தொண்டை காஞ்சுபோகும்."

"அவரு தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆளா? அடுப்பைக் குறைன்னு சொல்லியிருப்பாரு. ரொட்டி கருகுதுல்ல."

"அதான் ட்ரேயை இழுத்தாச்சே."

"இழுத்தது இவருக்குத் தெரியுமா என்ன?"

"எனக்கு ஏதாவது சொல்லியிருப்பாரோ?" என்றாள் பின்னால் வந்த மகள். "பாப்பாவை நல்லாப் பாத்துக்கங்க, இந்த மாதிரி."

"நீ சினிமா பாக்கிறதைக் குறை" என்றாள் குட்டி. இரண்டு செங்கல் தாண்டி நின்றாள். பின்னால் வந்தவளும் நிற்க வேண்டியதாயிற்று.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "தண்ணியோ, அடுப்போ, நீயோ. என்ன கேட்டிருந்தாலும் அண்ணன் சரின்னுட்டாரு. உங்கப்பாவுக்கு அந்தச் சரி கேட்டிருக்கும்."

அண்ணி சந்தின் முனையில் குடையை மடக்கிக்கொண்டு நின்று, சீக்கிரம் வாங்க, உருளைக்கிழங்கு கறுத்துப்போகும் என்று சத்தம் போட்டாள்.